ஒரு காது பெரிய யானை

"என்னம்மா அது?"

மேசைக்கு அடியில் குனிந்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே முற்றுப்புள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அது ஓர் அச்சகத்தின் பிழை திருத்தும் பிரிவு. அதன் தலைவருக்குப் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிவில் எல்லோருக்கும் அவர் முற்றுப்புள்ளிதான். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

"யானை, சார்."

"தும்பிக்கை எங்கே?"

"இனிமேதான் சார் பின்னணும்."

தும்பிக்கை இல்லாத யானையை யானை என்று ஒப்புக்கொள்ளத் தாராள மனசு வேண்டும். அவரிடம் அது இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"சாப்பாட்டு நேரம் எப்பவோ முடிஞ்சாச்சு. புரூஃப் மேசை மேல தூங்குது. யானை மடியில தூங்குது. பேஷ்! கொடு இப்படி."

யானை, குரோஷே ஊசி, சாம்பல் நிறக் கம்பளி உருண்டை மூன்றும் கைமாறின. அவர் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலது காது பெரிசு."

"தெரியும் சார். பிரிச்சுட்டு மறுபடியும் போடணும்."

அவர் தம் இடத்துக்குப் போனார். அவருக்கு அறை கிடையாது. இடுப்பளவுப் பலகைத் தடுப்புதான். அதற்கு அப்பால் ஓர் இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"பாவி மனுஷன்!" என்றாள் பக்கத்து நாற்காலி அக்கா. "பொம்மையிலகூடப் பிழை பார்க்கிறாரே! இவர் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கம்பளி உறை வச்சிருக்காரே, அதைப் பின்னிக் கொடுத்த மகராசி இவரோட எப்படித்தான் காலம் தள்ளுறாளோ!"

அவள் சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை பாப்பாவுக்குக் காதுல ஆபரேஷன்க்கா. மயக்க ஊசி போடுற வரைக்கும் ஒரு பொம்மை வச்சிருக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார். கடையில வாங்கின யானை வேணாமாம், அம்மா செஞ்ச யானைதான் வேணுமாம். முன்னாடியே பார்க்க மாட்டேன்னு வேற சொல்லியிருக்கா. நான் வீட்டுல எங்கேன்னு ஒளிச்சு வச்சுப் பின்னுறது?"

"எந்தக் காது?"

"வலது. பெரிய கட்டாப் போடுவாங்களாம். ஒரு காது மட்டும் பெரிசா இருந்தா எல்லாரும் சிரிப்பாங்களாம்மான்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

"அவர்கிட்ட போய்ச் சொல்லேன்."

"சொன்னா?"

அக்கா யோசித்தாள். "சொன்னா... உன் பேச்சுல நாலு பிழை கண்டுபிடிப்பார்."

அன்று மதியம் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒழுங்காக இருந்த ஒரு சொல்லைத் தவறென்று அடித்துவிட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு அதன் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்தாள்.

பிழை திருத்துகிறவர்களின் சங்கேதம் அது. 'இதில் கை வைக்காதே, அப்படியே இருக்கட்டும்' என்று பொருள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவர் முற்றுப்புள்ளியேதான். ஆனால் அவர் கைப்பட அந்தப் புள்ளிகளை வைத்து யாரும் பார்த்ததில்லை. செத்த பாம்பையும் இன்னொரு அடி அடித்துவிட்டுப் போகிற ஆள், எதைத்தான் அப்படியே விடுவார்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு தயங்கித் தயங்கித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த யானை..."

அவர் நிமிராமலேயே ஒரு காகிதப் பையை நீட்டினார். வாய் மடித்து ஒட்டியிருந்தது.

"பாதியில நிக்கிற வேலை எதுவும் இந்தப் பிரிவுக்குள்ள கிடக்கக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும் சார். இனிமே கொண்டுவர மாட்டேன்."

"திங்கட்கிழமைக்கு லீவு கேட்டிருந்தே. செவ்வாய், புதனும் வர வேணாம்."

"சார்! ஒருநாள் போதும் சார்."

"தூங்காத கண்ணோட வந்து நீ திருத்துவே. அப்புறம் நீ திருத்தினதை நான் உட்கார்ந்து திருத்தணும். போ."

கிடைத்தது லீவா, திட்டா என்று விளங்காமலே அவள் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் இருக்கிறது, பாப்பா தூங்கும்போது குளியலறையில் உட்கார்ந்தாவது தும்பிக்கையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடியே பையைப் பிரித்தாள்.

யானைக்குத் தும்பிக்கை இருந்தது.

அடியில் பருத்து, போகப் போகச் சிறுத்து, நுனியில் செல்லமாக மேலே சுருண்ட தும்பிக்கை. அரிசி அரிசியாக நெருக்கமான பின்னல். இந்தப் பின்னலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

மூக்குக்கண்ணாடி உறை!

அக்கா பரிதாபப்பட்ட மகராசி யாரென்று தெரிந்துவிட்டது. அவருக்கு மீசை உண்டு.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஆனால் வலது காது மட்டும் அப்படியே பெரிசாக இருந்தது. முன்பு அவள் பின்னிய அதே காது.

'இவ்வளவு செஞ்சவர் இதை மறந்துட்டாரே! பரவாயில்லை, இதையாவது நாம் செய்வோம்' என்று பையிலேயே கிடந்த ஊசியை எடுத்து, முடிச்சு இருக்கும் இடத்தைத் தேடிக் காதைத் தூக்கினாள்.

காதுக்குக் கீழே, நீல நூலில், பொடிப்பொடியாக, வரிசையாகப் புள்ளிகள் தைக்கப்பட்டிருந்தன.