இதயம் எந்தப் பக்கம்?

“இந்த சாஃப்ட்வேருக்கு இதயம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலை மேடம். இதுவா என் பசங்களுக்குப் பாடம் நடத்தப் போகுது?”

உடற்கூறியல் பேராசிரியர் டேப்லெட்டைக் கல்லூரி முதல்வரின் மேசையில் வைத்தார். முகத்தில் கோபத்தைவிடக் குஷிதான் அதிகம்.

பின்னே இருக்காதா? செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்த பத்தே நாளில் அவருடைய முப்பது வருஷ மவுசு காற்றோடு போயிருந்தது. நிஜ மனிதர் ஒருவரின் ஸ்கேனை வைத்து அது ஓர் உடலைத் திரையில் உருவாக்கும். மாணவர்கள் விரலாலேயே தோலை உரிப்பார்கள், தசையை விலக்குவார்கள், கண்டபடி கேள்வி கேட்பார்கள். அதுவும் அலுக்காமல் பதில் சொல்லும். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்று விலா எலும்பை விலக்கியதும் அது வசமாக மாட்டிக்கொண்டது. இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கல்லீரல் இடப்பக்கம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாமே இடம் வலமாக. அவர் எழுந்து நின்று சிரித்தார். மென்பொருளோ அசரவில்லை. பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு அமைப்பே இப்படி இருக்கும் என்று மாணவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னது.

“தப்பையும் பண்ணிட்டு எப்படி சமாளிக்குது பாருங்க. ஒண்ணு இங்க அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்.”

முதல்வர் ஸ்கேன் பிரிவு டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்கேனைக் கொடுத்தவர் அவர்தான், பேராசிரியருக்கு மைத்துனரும்கூட. வந்தவர் திரையைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார், அத்தானை மட்டும் பார்க்கவில்லை. மென்பொருள்மேல் தப்பில்லை, ஆளே அப்படித்தான், அது அந்த ஆளுக்கே இன்னும் தெரியாது என்று மென்று விழுங்கினார்.

பேராசிரியரின் கோபம் போன இடம் தெரியவில்லை. இப்படி ஓர் உடம்பைப் பார்க்க முப்பது வருஷமாகத் தவம் கிடந்தவர் அவர்.

“தன் உடம்புல என்ன எங்க இருக்குன்னே தெரியாம ஒரு மடையன் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கான் பாரு. யாருப்பா அது? கூட்டிட்டு வா, பசங்க முன்னாடி நிக்க வெக்கலாம்.”

மைத்துனர் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“ஒரு டாக்டரையும் மேல கை வைக்க விடாத உங்களை, அக்கா நச்சரிச்சு போன மாசம் ஸ்கேன் எடுத்துக்க வெச்சாங்களே அத்தான். பாடத்துக்குக் குடுக்கலாம்னு, படிச்சுப் பாக்காமலே கையெழுத்தும் போட்டீங்க. ரிப்போர்ட்டைத்தான் இன்னும் வாங்க வரலை.”

பேராசிரியரின் கை தன்னால் இடது மார்புக்குப் போனது. அங்கே ஒன்றும் தட்டுப்படாமல், மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.