கொண்டை ஊசி வளைவில்

கடைசி இணைப்பையும் பற்றவைத்து முடித்த பிறகும் வெல்டர் முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

இணைப்பின் மேல் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டிவிட்டார். ஜெனரேட்டரை அணைத்ததும் பள்ளத்தாக்கின் காற்று மட்டும் மிஞ்சியது.

வேலை முடிந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வரை, கடல் தாண்டி வேறொரு நாட்டில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்து பிழைத்தவர். ஒருநாள் பட்டறையை இழுத்து மூடிவிட்டு, வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்பும் தொண்டு நிறுவனம் ஒன்றின் வாசலில் போய் நின்றார். இந்த வயதில் மலையும் குளிரும் உங்களுக்கு எதற்கு, சமவெளியில் நல்ல இடமாகப் பார்த்துத் தருகிறோம் என்றார்கள். இந்த ஊர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினார்.

வந்து இறங்கியதும் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, பாதி சைகையும் பாதி பேச்சுமாகப் புரியவைத்தார். வளைவில் தடுப்பு போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம்.

யாரும் கை தட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாஷை புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இந்தக் கொண்டை ஊசி வளைவில்தான் அவர் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் பள்ளிக்கூட வேன் உருண்டது. உள்ளே இருந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓட்டியவனும் போனான். பனிமூட்டமா, தூக்கக் கலக்கமா, சொல்வதற்கு ஆளில்லை.

பாறையில் துளை போடவே ஒரு கோடை போயிற்று. இரும்பு ஏற்றிவர லாரி கிடைக்காமல் சில மாதம் போயிற்று. பனி விழுந்தால் எல்லாம் அப்படியே படுத்துவிடும். அந்தத் தாமதம் அவருக்கு உள்ளூர நிம்மதியாகவே இருந்தது.

ஊரார் தங்க அறை கொடுத்தார்கள். கம்பளி கொடுத்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது முறைவைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சூடாக ஏதாவது குடிக்க வைத்தார்கள்.

அவர் தலை நிமிராமல் குடித்தார்.

போனில் மனைவி கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"சொல்லிட்டீங்களா?"

இன்னும் இல்லை. வேலை முடியட்டும். முடிந்த அன்றைக்குச் சொல்லிவிடலாம். ஊரே கூடிக் காறித் துப்பட்டும், கல்லெடுத்து அடிக்கட்டும். வாங்கிக்கொள்ளத்தானே இவ்வளவு தூரம் வந்தது? சொல்ல வேண்டியதை அந்த ஊர் மொழியில் சொல் சொல்லாகக் கற்று, மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

மேலேயிருந்து தையல்காரி இறங்கி வந்தாள்.

ஏழு பிள்ளைகளில் ஒன்று அவளுடையது. வேலைக்குப் போகும் வழி இதுதான். வளைவு வந்தால் மட்டும், மலைப் பக்கமாக ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி விறுவிறுவென்று கடந்துவிடுவாள்.

இன்று நின்றாள்.

சாலையைக் கடந்து பள்ளத்தின் பக்கம் வந்தாள். தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தடுப்பை முழுப் பலத்தோடு தள்ளிப் பார்த்தாள்.

அசையவில்லை.

"நல்லா நிக்குது" என்றாள்.

வெல்டர் கவசத்தைக் கழற்றினார். சாலையிலேயே மண்டியிட்டார். மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட வரவில்லை.

"எழுந்திரிங்க ஐயா. நீங்க பஸ்ஸை விட்டு இறங்கின அன்னிக்கே எங்களுக்குத் தெரியும். அதே நெத்தி, அதே சாய்ஞ்ச நடை. இங்க வேன் ஓட்ட வந்த உங்க பையனைத் தினம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா? நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு ஊரே பேசி வெச்சோம்."

"திட்டுங்கம்மா" என்றார் அவர். "ஏதாவது சொல்லித் திட்டுங்க."

அவள் தடுப்பைப் பிடித்தபடி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அங்கே பார்ப்பது இதுதான் முதல்முறை.

"எம்பொண்ணு வேன்ல அவர் பக்கத்து சீட்டுக்குத்தான் தினம் சண்டை போடுவா. உங்க பாஷையில அவளுக்கு ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டுல ஓயாம அதையேதான் பாடுவா. ஒரு வரிதான் வரும். மிச்சத்தைக் கத்துக்கிட்டு வந்து பாடிக் காட்டறேன்னு சொல்லிட்டிருந்தா."

பிறகு அந்த வரியைப் பாடினாள். அர்த்தம் தெரியாமல், சொற்களைத் தப்பான இடத்தில் உடைத்து, அவருடைய மொழியில்.

"பொறியே பொறியே தள்ளிப் போ, தம்பி கண்ணுல படாமப் போ."

வெல்டரின் கை தானாகப் பக்கத்தில் கிடந்த சுத்தியலைத் தொட்டது.

"அடுத்த வரி என்னங்க ஐயா?" என்றாள். "வேலை முடியட்டும்னுதான் இத்தனை நாளா கேக்காம இருந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

அது பாட்டே இல்லை. நடை பழகிய வயதில் பையன் பட்டறைக்குள் தத்தித் தத்தி வந்து, பறக்கும் தீப்பொறியைப் பிடிக்கக் கை நீட்டுவான். அதட்ட மனம் வராமல், சுத்தியலால் இரும்பில் தாளம் தட்டிக்கொண்டே அவர் வாய்க்கு வந்ததைப் பாடுவார்.

பாடியதும் பையன் சிரித்துக்கொண்டே தள்ளிப் போய்விடுவான். அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்.

இரண்டாவது வரிக்கு ஒருநாளும் தேவை வந்ததில்லை.