மூக்கில் எழுதிய பெயர்

"ஏட்டி, இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு!" அலமாரியிலிருந்து அம்மா கத்தினாள்.

அம்மா என்றால், அலமாரியில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து பேசும் அவளுடைய குரல் மட்டும்தான். இந்துமாக்கடலைத் தனியாகப் பறந்து கடக்கக் கிளம்பிய முதல் பெண் விமானி அவள். நான் சிறுமியாக இருந்தபோது விமானத்தோடு காணாமல் போனாள். காணாமல் போனவர்களின் குரலை இப்படிப் பெட்டியில் வைத்து வீட்டில் பேசவிட அரசு அனுமதி உண்டு. இறந்தது உறுதியானால் அன்றைக்கே அணைத்துவிடுவார்கள்.

தூத்துக்குடியில், எங்கள் சமையலறை மேசையிலிருந்தே ஆழ்கடல் தேடல் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக இருவரும் சேர்ந்துதான் தேடுகிறோம். கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று மட்டும் பேசியதே இல்லை. திடீரென்று திரையில் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஒன்று நீட்டி நின்றது.

"றெக்கைம்மா! றெக்கை தெரியுது!"

அம்மாவுக்குக் காது உண்டு, கண் கிடையாது. "மாதாவே! விமானத்தோட மூக்குப் பக்கம் போ, ஏட்டி! பேரு இருக்கான்னு பாரு. எங்கப்பா மீன்புடி வள்ளத்துல எம் பேர எழுதுன மாதிரி, நான் ஒம் பேர எழுதியிருக்கேன்!"

விளக்கைத் திருப்பினேன். சேறு மெல்ல விலகியது. சிவப்புப் பெயிண்டில், கோணல்மாணலாக, 'செல்சியா'. என் பெயர்.

துள்ளி எழுந்தேன். கத்த வாயெடுத்தபோது, அலமாரியில் அம்மாவின் சின்னப் பச்சை விளக்கு படபடவென்று மின்னுவது கண்ணில் பட்டது.

"சொல்லுட்டி! பேரு இருக்கா?"

"இல்லம்மா. இது வேற யாரோட விமானமோ."

திரையை அணைத்தேன்.

"அட போட்டி!" அம்மா சிரித்தாள். "சரி, நாளைக்கு வேற பக்கம் தேடுவோம். நான் எங்க போயிடப் போறேன்?"