மூன்று சுழிகளும் ஓர் ஒன்றும்

“கட்டுரையில என் பேரை முதல்ல போடுங்க சார்.” ஆராய்ச்சி கைடிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர்கள் எச்சரித்ததைத்தான் அங்கயற்கண்ணி கேட்டாள்.

“உங்க குடும்பத்துலயே காலேஜ் வாசலை மிதிச்சது நீதான். கடைசியில நன்றின்னு போட்டிருக்கேனேம்மா, பத்தாதா?” என்று சிரித்தார்.

சிம்ப்ளெக்டிக் அணி என்ற சிறப்பு எண்கட்டத்தைக் கொண்டு கலப்பெண் அணிகளை இரண்டு அணிகளின் பெருக்கமாகத் துருவப் பிரிப்பு செய்யும் தேற்றம் அவளுடையது. நேர்மாறு உள்ள அணிகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தாள். பெயரை அடித்த கை அந்த நிபந்தனையையும் அடித்திருந்தது.

“எல்லா அணிக்கும்னா போட்டிருக்கீங்க?”

“எல்லாத்துக்கும்தான். நாளைக்கு மாநாட்டுல வந்து கைதட்டு.”

கரும்பலகை மூலையில் இரண்டுக்கு இரண்டு கட்டமாக ஓர் ஒன்றும் மூன்று பூஜ்யச் சுழிகளும் எழுதினாள். நேர்மாறு இல்லாத, எந்தக் கொம்பனாலும் அப்படிப் பிரிக்க முடியாத அணி. அவர் நிமிர்வதற்குள் உள்ளங்கையால் அழித்தாள்.

“வர்றேன் சார். முதல் வரிசையிலயே உக்கார்றேன்.”

கையைத் துடைக்காமலே வெளியேறினாள்.