ராஜிக்கு வைத்த இலை

“அருணாவைக் கன்னி புடிச்சிருச்சு டீச்சர். இனிமே எங்க பொண்ணுங்கள ஓட அனுப்ப மாட்டோம்.”

பள்ளிக்கூட வாசலிலேயே வழிமறித்துச் சொன்னார் தங்கவேல். அவர் பின்னால் இன்னும் சில பெற்றோர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ரேணுகாதேவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? தினமும் ஒடுகத்தூரில் பஸ் பிடித்து இந்த ஜவ்வாது மலைக்கு ஏறி வருகிறாள். பள்ளி விட்டதும் பெண்பிள்ளைகளை ஓட வைப்பது, மூச்சுப் பயிற்சி, என்ன சாப்பிடணும், எப்போ தூங்கணும் என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. அடுத்த மாதம் செங்கத்தில் போட்டி. ஜெயிக்கப் போகிறவள் என்று அவள் நம்பியிருந்ததே அருணாவைத்தான்.

“கன்னியாவது ஒண்ணாவது! இன்னாங்க பேசறீங்க?”

“வெள்ளையம்மா பொண்ணு ராஜி, போன வருசம் பாம்பு கடிச்சிச் செத்துச்சே, அதுதான். கல்யாணம் ஆவாம செத்த பொண்ணுக்கு வருசத்துக்கு ஒருவாட்டி படையல் வெக்கிறது எங்க வழக்கம். வெள்ளையம்மா தெனம் புளியமரத்தாண்ட வெக்கிறா. அருணா அந்தப் பக்கம் போய்ட்டு வர்றா, எலை காலியாவுது!”

“நாய் தின்னிருக்கும்.”

“நாய் தின்னுட்டு எலைய மடிச்சி வெக்குமா டீச்சர்?”



“இன்னிக்கு ஒரு நாள் அனுப்புங்க. நானே பாத்துடறேன்” என்றாள் ரேணுகா.

சாயங்காலம் ஓடுவதற்கு முன் வழக்கம்போல் சுண்டல் பாத்திரத்தைத் திறந்தாள்.

“வெறும் வயித்துல ஓடக் கூடாது. பசிக்கிறவங்க கை தூக்குங்க.”

சில கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. அருணா தூக்கவில்லை. என்றைக்குமே தூக்கியதில்லை.

“பாத்தீங்களா? வேளாவேளைக்குச் சாப்ட்டா அருணா மாதிரி இருக்கலாம்.”

அருணா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓட்டம் தொடங்கியபோதே பனி இறங்கிவிட்டது. முன்னால் போகிற பிள்ளை தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வளைவில் அதில் ஒரு சத்தம் தனியாகப் பிரிந்து புளியமரத்துப் பக்கம் போயிற்று.

ரேணுகா அதன் பின்னாலேயே போனாள். கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

மரத்தடியில் ஒரு அகல் விளக்கு எரிந்தது. விளக்கைப் பார்த்தபடி, இலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் வெள்ளையம்மாள். படையலைச் செத்தவர் வந்து சாப்பிடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதாம்.

“வந்துட்டியாடி ராஜி? கால்ல முள்ளு கிள்ளு குத்துச்சா? சாப்டு. நா திரும்ப மாட்டேன்.”

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. இலையில் இருந்த சாமைச் சோற்றை அள்ளியது.

ரேணுகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கத்த வாயெடுத்தவள், அந்த மணிக்கட்டைப் பார்த்ததும் அடங்கினாள். அருணாவுக்கு அவளே வாங்கிக் கொடுத்த மஞ்சள் கைப்பட்டை.

அவசர அவசரமாய்ச் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு ஓடிவந்த அருணாவை வளைவில் மடக்கினாள்.

“வெக்கமா இல்ல ஒனக்கு? செத்துப் போனவ சோத்தத் திங்கறியே! அவளப் பெத்தவள ஏமாத்தறியேடி!”

அருணா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“மொத நாளு தெரியாம தின்னுட்டேன் டீச்சர். மறுநாளு அந்த அத்தை, ‘எம் பொண்ணு வந்து சாப்ட்டா’ன்னு ஊரு பூரா சிரிச்சிக்கினே சொல்லிச்சி. அது சிரிச்சே நாங்க பாத்ததில்ல. நா போவலன்னா அழுவும் டீச்சர். சொல்லிடாதீங்க டீச்சர்.”

“சொல்லத்தான் போறேன். பொய் பொய்தான்.”

விடுவிடுவென்று மரத்தடிக்குத் திரும்பினாள் ரேணுகா. வெள்ளையம்மாள் இன்னும் அப்படியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளையம்மா, மனசத் தேத்திக்கோங்க. இங்க வர்றது ஒங்க ராஜி இல்ல...”

“அருணா. தெரியும் டீச்சர்.”



வெள்ளையம்மாள் மெல்லத் திரும்பினாள். கண் இரண்டும் நனைந்திருந்தன.

“மெதுவாப் பேசுங்க, அது காதுல வுழுந்துடப் போவுது. அதோட அம்மா அப்பா ரெண்டு பேரும் குடகுக்குக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்ட்டாங்க. சித்தி வூட்ல அரை வயித்துக் கஞ்சி. நா எத்தினியோ வாட்டி வூட்டுக்குக் கூப்ட்டேன். ‘சாப்ட்டேன் அத்தை’ன்னு ஓடிடும்.”

“அதுக்காக... ஊரே பேய்ங்குதே. நாளைக்கு யாரும் பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்களே!”

“தங்கவேலுகிட்ட நா சொல்லிக்கிறேன். ஓடற புள்ளைங்களுக்குத் தொணையாத்தான் எம் பொண்ணு வர்றான்னு சொன்னா நம்பிடுவாரு. நீங்க மட்டும் அதுகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க.”

மடித்த இலையைப் பிரித்துப் பார்த்தாள் வெள்ளையம்மாள். ஒரு பருக்கை மிச்சமில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“பசிக்குதுன்னு கை தூக்கற பொண்ணு இல்லைங்க அது. செத்தவளுக்குன்னு வெச்சாத்தான் சாப்புடுது.”