இடது இருக்கை

டயரை மட்டும் மாற்றியிருந்தான்; மற்றபடி ஜீப் கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் இருந்தது. பாறைச் சரிவின் பாதியில் மனைவி இறங்கி, முன்னால் நின்று வழி சொன்னாள்.

"ஆபீஸ் போற வண்டிக்கு மலை ஒண்ணுதான் குறைச்சல்! லெஃப்ட்ல ஒடிங்க."

ஒடித்தான். இடப்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. வலப்பக்கம் அதல பாதாளம். வண்டி அதை நோக்கிச் சாய்ந்தது.

"ஐயோ, அசையாதீங்க!"

மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் விட்டுப்போன இருக்கை மெல்ல அமுங்கியது. சக்கரங்கள் பாறையில் இறங்கின. ஆள் உட்கார்ந்தால் பெல்ட் போடச் சொல்லும் மணி விடாமல் அடித்தது. பிறகு 'க்ளிக்' என்று ஒரு சத்தம். மணி நின்றது.

சமதளத்தில் ஏற்றி நிறுத்தினான். மனைவி ஓடிவந்து முன்கதவில் கைவைத்தாள்.

"வேணாம்மா," என்றான், பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பாமல். "நீ பின்னாடி ஏறிக்கோ."