பார்சல் டீ

நவம்பர் 30, சனிக்கிழமை, விருதுநகர். மழையால் தள்ளிவைக்கப்பட்ட பெண் காவலர் உடல்திறன் தேர்வு, ஆயுதப்படை மைதானத்தில் காலை ஆறரைக்குத் தொடங்கியது.

அவள் ஆறாவது வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் 1147.

மற்றவர்கள் காலை நீட்டி மடக்கி, துள்ளிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடிவயிற்றை யாரோ ஈரத்துணியைப் போல முறுக்கிப் பிழிந்தார்கள்.

விட்டார்கள்.

மறுபடியும் பிழிந்தார்கள்.

நானூறு மீட்டர். மைதானத்தை இரண்டு சுற்று. இரண்டு நிமிடம் முப்பது வினாடிக்குள் வந்தால்தான் மற்றதெல்லாம். ஊர்க் கண்மாய்க் கரையில் அதை இரண்டு நிமிடத்துக்குள் ஓடுகிறவள் அவள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பாள்.

முதலில் சொன்ன தேதி இருபத்தாறு. அவளுடைய மாதவிலக்கு நாளும் இருபத்தாறுதான். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பெண்கள் வாங்கிப் போடும் அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போட்டாள். நாள் தள்ளிப்போனது.

இருபத்தைந்தாம் தேதி மாலை செல்போனுக்குச் செய்தி வந்தது. தேர்வும் தள்ளிப்போனது.

மெடிக்கல்காரர் இன்னும் ஐந்து நாளைக்கு அதே மாத்திரையைப் போடச் சொன்னார். அவள் கேட்கவில்லை. அதைப் போட்டதிலிருந்து கால் கனத்தது. ஓட்டத்தில் எட்டு வினாடி கூடியிருந்தது. அன்றே நிறுத்தினால் இருபத்தேழில் வந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். முதல் நாள்தான் உயிர் போகும். நான்காம் நாள், முப்பதில், பறக்கலாம்.

இருபத்தேழில் வரவில்லை.

இருபத்தெட்டில் வரவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி முழுவதும் பாவாடையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

இன்று விடிகாலை, முதல் பேருந்தில், திருச்சுழி தாண்டியதும் வந்தது.

போட்டுக்கொண்ட வலி மாத்திரை அருப்புக்கோட்டையில் வாந்தியோடு வெளியே வந்துவிட்டது. மிச்சம் பையில் இருந்தது. பைகளை வாயிலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

வரிசையைக் காத்துக்கொண்டிருந்த பெண் காவலருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் பொற்கொடி என்ற பெயர்ப்பட்டை. இரண்டு முறை அவளைத் தாண்டிப் போனார். மூன்றாவது முறை நின்றார்.

என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. எத்தனையாவது நாள் என்று கேட்டார்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

மைதானத்துக்குள் மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தன் சட்டையைக் கழற்றிவிடுவார்கள் என்றார் பொற்கொடி. பிறகு கையிலிருந்த பட்டியலைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வாயிலுக்கு வெளியே போனார்.

திரும்பி வரும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தொப்பிக்குள் எதிர்க் கடையின் பார்சல் டீ. நூலால் இறுக்கிக் கட்டிய உறை.

"குடிச்சிராத. உள்ள வச்சு அமுக்கிக்க."

மந்திரி வருகிறார் என்று பாலத்தடியில் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தும் நாட்களில் இதுதான் தங்களுக்கு ஆஸ்பத்திரி என்றார். பெரிய மந்திரி என்றால் ஆளுக்கு மூன்று பார்சல். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அவள் பனியனுக்குள் வைத்து அமுக்கினாள்.

முதலில் சுட்டது.

பிறகு சூடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது. பிழிந்துகொண்டிருந்த கை மெல்லத் தளர்ந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பியது. காலையிலிருந்து முதல்முறையாக மைதானத்தின் சத்தம் காதில் விழுந்தது. விசில். ஒலிபெருக்கி. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓடு ஓடு என்றார்கள்.

இன்னும் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

1141 முதல் 1150 வரை எழுந்து வரச் சொன்னார்கள்.

பொற்கொடி கையை நீட்டினார். அவள் உறையை வெளியே எடுத்துக் கொடுத்தாள்.

விசில்.

முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தாள். உறை இருந்த இடத்தில் சூடு இன்னும் உள்ளங்கை அளவுக்கு ஒட்டியிருந்தது. காற்றுப் படப் பட அது சுருங்குவது தெரிந்தது.

ஒரு ரூபாய்க் காசு அளவு.

ஒரு பொட்டு அளவு.

இரண்டாவது சுற்றின் வளைவில் அது இல்லை.

அவள் நிற்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூனிக்கொண்டே வந்தாள். ஏழு பேர் தாண்டிப் போனார்கள். வெள்ளைக் கோட்டைக் கடந்த பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தாள்.

இரண்டு நிமிடம் முப்பத்து நான்கு வினாடி.

பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பேனா எழுதவில்லை. வேறு பேனா கொடுத்தார்கள்.

பொற்கொடி அடுத்த பத்துப் பேரை நிறுத்திக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. உறை இருந்த இடது கையை மட்டும் நீட்டினார்.

டீ இன்னும் சூடாகவே இருந்தது.

வாயிலில் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அந்த டீயில் வலி மாத்திரையை விழுங்கினாள். இந்த முறை வாந்தி வரவில்லை.

பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனாள்.

ஒன்பதே காலுக்கு வலி நின்றது.